கல் எங்கே?

போன மே மாதம், அக்னி நட்சத்திரம் கொளுத்திக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியம் மூன்று மணிக்கு என் காரின் பின் கண்ணாடி உடைந்தது. மூன்று பத்துக்கெல்லாம் உடைத்தது யார் என்று எங்கள் குடியிருப்பின் வாட்ஸப் குழு தீர்ப்பு எழுதி முடித்துவிட்டது. நான் அப்போதுதான் மதியத் தூக்கத்திலிருந்து எழுந்து, லிஃப்டுக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். உடைந்த கண்ணாடியை நான் பார்ப்பதற்கு முன்பே எனக்காக ஒரு குற்றவாளி தயாராக இருந்தான்.

எங்களுடையது ஓ.எம்.ஆர். பக்கம் நூற்றுச் சொச்சம் வீடுகள் இருக்கிற அபார்ட்மென்ட். காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு காலி மனை. அதையும் தாண்டினால் வாரியக் குடியிருப்பு. ஆற்றங்கரைகளிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து இறக்கப்பட்ட குடும்பங்கள். அந்தப் பையன்கள் காலி மனையில் கிரிக்கெட் ஆடுவார்கள். எங்கள் வீட்டுப் பெண்கள் சமைக்கவும், பெருக்கவும், குழந்தை பார்க்கவும் அழைத்துக்கொள்வது அந்தப் பையன்களின் அம்மாக்களைத்தான். அம்மாக்கள் கேட் வழியாக வரலாம். பையன்களின் பந்துகூட சுவர் தாண்டி வரக்கூடாது.

குழுவில் விழுந்த முதல் மெசேஜ் "ஸ்லம் பாய்ஸ் அகெய்ன்". இரண்டாவது, சுவரை நான்கு அடி உயர்த்த வேண்டும் என்ற பழைய தீர்மானத்தின் ஸ்கிரீன்ஷாட். மூன்றாவது, என் காரின் கீழே கிடந்த ஒரு டென்னிஸ் பந்தின் படம். "எவிடன்ஸ்" என்று போட்டிருந்தார்கள். அந்தப் பந்து வெயிலில் வெளுத்து, மஞ்சள் போய் சாம்பல் நிறமாகியிருந்தது. அது அங்கே எத்தனை நாளாகக் கிடக்கிறது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. இந்தக் கட்டுரையில் "அவர்கள்" என்று நான் சொல்கிற இடத்திலெல்லாம் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குழுவில் அன்றைக்கு நான் போட்டது ஒரே ஒரு கைகூப்பும் எமோஜி. சப்போர்ட்டுக்கு நன்றி என்று அர்த்தம்.

*

அதற்கப்புறம் நடந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அது சொல்லச் சுகமான பகுதி இல்லை.

இன்ஷூரன்ஸ் ஏஜென்ட்டுக்குப் போன் போட்டேன். "யார் உடைச்சாங்க?" என்றார். தெரியலை என்றேன். "தெரியலைன்னா எப்படி சார்? தானா உடைஞ்சதுன்னு எழுதினா தேய்மானம், கிளெய்ம் இல்லைன்னுடுவாங்க. பசங்க கல்லு எறிஞ்சாங்கன்னு எழுதுங்க. மாலிஷியஸ் ஆக்ட். ஸ்டேஷன்ல ஒரு சி.எஸ்.ஆர். வாங்கிடுங்க, சுத்தமா முடிஞ்சுடும்." அவர் கெட்டவர் இல்லை. படிவத்தில் என்ன கட்டம் இருக்கிறதோ அதைத்தான் சொன்னார். மோட்டார் பாலிசியில் தீ, திருட்டு, கலவரம், வெளியிலிருந்து நேரும் விபத்து, பிறர் வேண்டுமென்றே செய்யும் சேதம் என்றெல்லாம் வரிசையாக இருக்கும். தேய்மானத்துக்கும் ரிப்பேருக்கும் பணம் கிடையாது. ஆக, ஒரு ஆள் கிடைத்தால் வேலை சுலபம்.

செக்ரட்டரியும் நானும் ஸ்டேஷனுக்குப் போனோம். பெயர் எதுவும் நான் எழுதவில்லை. "பக்கத்துக் குடியிருப்புச் சிறுவர்கள்" என்று மட்டும் எழுதினேன். எழுதிவிட்டு, யார் பெயரையும் சொல்லவில்லையே என்று என் நேர்மையை நானே மெச்சிக்கொண்டேன். சாயங்காலம் ஒரு பையனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஏன் அவனை? அன்றைக்கு பேட் அவன் கையில் இருந்ததாம். பதினாலு வயது. நான்கு மணி நேரம் பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். அடித்தார்களா என்று எனக்குத் தெரியாது. கேட்கிற தைரியம் அன்று இல்லை. முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு வரச்சொல்லி அனுப்பினார்கள் என்பது தெரியும், ஏனென்றால் மறுநாள் அவனைப் பார்த்தேன்.

அவனுடைய அம்மா மூவாயிரம் ரூபாய் கொண்டுவந்து கொடுத்தார். எங்கள் பிளாக்கில் இரண்டு வீடுகளில் வேலை பார்க்கிறவர்தான். "மிச்சத்தை மாசா மாசம் தந்துடறேன் சார், கேஸு மட்டும் வேணாம்" என்றார். மிச்சம் வேண்டாம் என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு அந்த மூவாயிரத்தை வாங்கிக்கொண்டேன்.

ஆமாம். வாங்கிக்கொண்டேன்.

*

மறுநாள் காலை செக்ரட்டரி குழுவில் ஒரு நீண்ட ஆங்கிலக் கட்டுரையை ஃபார்வர்ட் செய்தார். 'உடைந்த ஜன்னல் கோட்பாடு.' ஓய்வுபெற்ற அதிகாரி, நிறையப் படிப்பவர். "இன்றைக்கு ஒரு கண்ணாடியை விட்டுவிட்டால் நாளைக்கு எல்லாக் கண்ணாடியும் உடையும்" என்று கீழே ஒரு வரி. நாற்பத்திரண்டு லைக். நீங்களும் இதை எங்கேயாவது படித்திருப்பீர்கள். மேனேஜ்மென்ட் வகுப்பு, தன்னம்பிக்கைப் புத்தகம், போலீஸ் அதிகாரிகளின் மேடைப்பேச்சு, எல்லா இடத்திலும் இது உலாத்திக்கொண்டிருக்கிறது. என் சண்டை இந்தக் கோட்பாட்டோடுதான், குறிப்பாக நம்மூரில் அதற்குக் கிடைத்திருக்கிற இரண்டாவது வாழ்க்கையோடு.

1982 மார்ச்சில் 'அட்லாண்டிக்' இதழில் ஜேம்ஸ் வில்சன், ஜார்ஜ் கெல்லிங் என்ற இருவர் எழுதிய கட்டுரை அது. ஒரு கட்டடத்தில் ஒரு ஜன்னல் உடைந்து, அதைச் சரிசெய்யாமல் விட்டால், இங்கே கேட்பார் யாரும் இல்லை என்று அர்த்தமாகிவிடும். சீக்கிரமே மற்ற ஜன்னல்களும் உடைபடும். சின்னச் சீர்கேட்டை அனுமதித்தால் பெரிய குற்றம் பின்னால் வரும் என்பது வாதத்தின் சாரம். இதற்கு ஆதாரமாக அவர்கள் காட்டியது ஒரு காரை. இரண்டு கார்களை என்று சொல்ல வேண்டும்.

1969இல் ஸ்டான்ஃபோர்டு உளவியலாளர் ஃபிலிப் ஜிம்பார்டோ, நம்பர் பிளேட் இல்லாத ஒரு காரை பானெட்டைத் திறந்து வைத்து நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் விட்டார். அதேபோல இன்னொரு காரை கலிஃபோர்னியாவின் வசதியான ஊரான பாலோ ஆல்டோவில் விட்டார். பிராங்க்ஸ் காரை பத்தே நிமிடத்தில் ஆட்கள் கழற்ற ஆரம்பித்துவிட்டார்கள். பாலோ ஆல்டோ கார் ஒரு வாரத்துக்கும் மேல் அப்படியே நின்றது. மழை வந்தபோது வழியில் போன ஒருவர் பானெட்டை மூடிவிட்டுப் போனாராம். அவ்வளவு நல்ல ஊர்.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் சட்டென்று தாண்டிப்போகிற இரண்டு விவரங்கள் உண்டு. ஒன்று, பிராங்க்ஸில் காரை முதலில் கை வைத்தது ரவுடிப் பையன்கள் இல்லை. அப்பா, அம்மா, மகன் என்று ஒரு குடும்பம். பேட்டரியையும் ரேடியேட்டரையும் கழற்றிக்கொண்டு போனது. அங்கே கார் உடைத்த பெரியவர்களில் பெரும்பாலோர் நன்றாக உடுத்திய வெள்ளைக்காரர்கள் என்று வில்சனும் கெல்லிங்குமே எழுதியிருக்கிறார்கள். இரண்டு, பாலோ ஆல்டோ கார் உடைந்தது எப்படி? யாரும் தொடாததால் பேராசிரியரே சம்மட்டி எடுத்தார். அவரும் அவருடைய மாணவர்களும் அடித்தார்கள். அதற்கப்புறம்தான் வேடிக்கை பார்த்தவர்கள் சேர்ந்துகொண்டார்கள்.

அதாவது ஏழைப் பையன்களைத் தெருத்தெருவாக நிறுத்திச் சோதனை போடுவதற்கு உலகமே சாட்சிக்கு இழுக்கிற அந்தக் காரில் முதல் அடி அடித்தவர், சோதனையை நடத்திய பேராசிரியர். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அப்போது என் காரைப் பற்றிய உண்மை எனக்குத் தெரியாது.

*

கம்பெனி சர்வீஸ் சென்டரில் கண்ணாடி வர பன்னிரண்டு நாள் ஆகும் என்றார்கள். சொன்ன விலையும் எனக்குக் கட்டுப்படியாகவில்லை. கிளெய்ம் போட்டால் நோ கிளெய்ம் போனஸ் போய்விடும். கணக்குப் போட்டுப் பார்த்ததில் புதுப்பேட்டைக்குப் போவதுதான் லாபம். ஸ்டேஷனுக்குப் போய் வாங்கிய சி.எஸ்.ஆர். ரசீது கடைசிவரை எதற்கும் பயன்படவில்லை. அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

எழும்பூர் பக்கத்தில் இருக்கிற புதுப்பேட்டையைச் சென்னைக்காரர்களுக்கு அறிமுகம் செய்யத் தேவையில்லை. பழைய வண்டிகள் பிரிக்கப்பட்டு கதவு தனியாக, கியர்பாக்ஸ் தனியாக, கண்ணாடி தனியாகத் தொங்கும் தெருக்கள். ஒரு கண்ணாடிக் கடையில் அறுபது வயதைத் தாண்டிய ஒரு பாய். வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். என் பின் கண்ணாடி உடைந்திருந்ததே தவிர, விழவில்லை. உள்ளே ஒட்டியிருந்த கறுப்பு ஃபிலிம் துண்டுகளையெல்லாம் பிடித்துவைத்திருந்தது. மேலே செலோடேப் வரிசைகளோடு, சிலந்தி வலை மாதிரி இருந்தது.

"கல்லு எங்க தம்பி?" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"கல்லால அடிச்சாங்கன்னீங்களே. கல்லு வண்டிக்குள்ள விழணும், இல்லாட்டி டிக்கி மேல ஒரு கோடாவது கிழிச்சிருக்கணும். எங்க?"

கல் இல்லை பாய், பந்து என்றேன். அவர் சிரித்தார். "டென்னிஸ் பாலா? என் கடைக் கண்ணாடியில நாள் பூரா அடிங்க, ஒடையுதான்னு பாக்கலாம்."

பிறகு செலோடேப்பை மெதுவாக உரித்து, விரலால் கோடுகளைத் தொட்டுக்கொண்டே போனார். "ஒவ்வொரு கோடும் எங்கருந்து கிளம்புதுன்னு பாருங்க. அடி பட்டிருந்தா அடிபட்ட எடத்துலருந்து கிளம்பும், விசிறி மாதிரி. நடுவுல எங்கயாவது அப்படி இருக்கா?" இல்லை. கோடுகள் எல்லாம் வலது பக்கக் கீழ் மூலையிலிருந்து கிளம்பின. பீடிங்குக்கு உள்ளே, வெளியிலிருந்து எந்தப் பந்தும் கல்லும் தொட முடியாத இடம்.

கண்ணாடியைப் பற்றி அன்றைக்கு அவர் சொன்னதையும் பிறகு நான் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். காரின் முன் கண்ணாடியும் பின் கண்ணாடியும் ஒரே ஜாதி இல்லை. முன்னால் இருப்பது இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் படலம் வைத்து அழுத்தியது. கல் பட்டால் நட்சத்திரம் மாதிரி விரியும், ஆனால் உதிராது. பின்னால் பெரும்பாலும் டஃபண்ட் கிளாஸ். சாதாரணக் கண்ணாடியை 600 டிகிரிக்கு மேல் சூடாக்கி, இரண்டு பக்கமும் குளிர்ந்த காற்றைப் பீய்ச்சி அடிப்பார்கள். மேற்பரப்பு முதலில் இறுகிவிடும். உட்புறம் பிறகு மெதுவாக ஆறிச் சுருங்கும்போது ஏற்கெனவே இறுகிய மேற்பரப்பை உள்ளே இழுக்கும். ஆக மேலே அழுத்தம், உள்ளே இழுவிசை. இந்த இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்பதால்தான் அதற்கு சாதாரணக் கண்ணாடியைவிட நான்கைந்து மடங்கு பலம். ஆனால் ஒரு விரிசல் மேல்தோலைத் தாண்டி உள்ளே இருக்கும் இழுவிசைக்குள் இறங்கிவிட்டால் தீர்ந்தது. விநாடிக்கு ஒரு கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் ஓடி, மொத்தக் கண்ணாடியையும் கற்கண்டுத் துண்டுகளாக்கிவிடும். மனிதர்களை வெட்டாமல் இருப்பதற்காக அப்படி உடையும்படி செய்ததுதான்.

அதனால் இந்தக் கண்ணாடியைச் செய்து முடித்த பிறகு வெட்ட முடியாது, துளை போட முடியாது, ஒட்டுப்போட முடியாது. மாற்ற மட்டும்தான் முடியும். அதன் பலவீனம் ஓரம். முகத்தில் பந்து விழுந்தால் தாங்கும். ஓரத்தில் ஒரு சின்ன மூக்கு பெயர்ந்திருந்தால், அது மாதக்கணக்கில் சும்மா இருந்துவிட்டு, வெயிலில் ஒரு பக்கம் அதிகம் சூடேறி மறுபக்கம் குறைவாகச் சூடேறுகிற ஒரு மதியம், யாரும் தொடாமலேயே படாரென்று வெடிக்கும். 1661இல் லண்டன் ராயல் சொசைட்டியில் 'இளவரசர் ரூபர்ட்டின் துளி' என்ற கண்ணாடித் துளியை வைத்து இதே வித்தையைப் பார்த்தார்கள். உருகிய கண்ணாடியைத் தண்ணீரில் சொட்டவிட்டால் வருவது. தலையில் சுத்தியலால் அடித்தால் தாங்கும். வாலை விரலால் கிள்ளினால் மொத்தமும் தூள்.

பாய் பழைய கண்ணாடியின் மூலையில் இருந்த முத்திரையைக் காட்டினார். காரோடு வந்த கண்ணாடி இல்லை அது. மற்ற ஜன்னல்களில் இருக்கிற முத்திரை வேறு. எனக்கு முன்னால் வைத்திருந்தவர் எங்கேயோ பின்பக்கம் இடி வாங்கி, டிங்கரிங் பார்த்து, பழைய கண்ணாடி ஒன்றைப் பொருத்தி விற்றிருக்கிறார். வலது மூலையில் ஃபிரேம் முழுசாக நேராகவில்லை. அந்த இடத்தில் தகரம் கண்ணாடி ஓரத்தைக் கடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. "அதுக்கு மேல இந்தக் கறுப்பு ஃபிலிமு. சூட்டையெல்லாம் கண்ணாடி குடிச்சுக்கும். அக்னி வெயிலு. நிழல் இல்லாத எடத்துல நிறுத்தியிருப்பீங்க." அப்படித்தான் நிறுத்தியிருந்தேன்.

"இதை ஒருத்தரும் ஒடைக்கல தம்பி. ஒடையறதுக்கு ரெடியாத்தான் இருந்திருக்கு."

அவருடைய பையன்கள் இரண்டு பேர் மெல்லிய கம்பியை உள்ளே விட்டு, ஆளுக்கொரு பக்கம் நின்று பழைய சீலன்டை அறுத்தார்கள். தகரத்தைத் தட்டி நேராக்கினார்கள். பழைய பசையைச் சுரண்டி, பிரைமர் தடவி, புதுச் சீலன்டைக் கோடாக வரைந்து, கண்ணாடியைத் தூக்கி உட்காரவைத்தார்கள். கண்ணாடியும் கூலியுமாக நாலாயிரத்து இருநூறு ரூபாய். நாளை வரை கதவை ஓங்கிச் சாத்தாதீங்க, உள்ளே அடைபடுகிற காற்று கண்ணாடியைத் தள்ளும், ஒரு ஜன்னலைக் கொஞ்சம் இறக்கியே வையுங்க என்றார். கடைசியாக, "ஃபிலிம் ஒட்டிடாதீங்க" என்றார்.

*

அந்த ஃபிலிமுக்கு வருவோம். இதில் யாரோ சட்டத்தை மீறியது நிஜம். மீறியது நான்.

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, விதி 100. முன், பின் கண்ணாடிகள் குறைந்தது 70 சதவீத ஒளியை உள்ளே விட வேண்டும், பக்கவாட்டு ஜன்னல்கள் 50 சதவீதம். 2012இல் உச்ச நீதிமன்றம் கறுப்பு ஃபிலிம்களைக் கிழித்தெறியச் சொன்னது. என் காரின் பின் கண்ணாடி வழியாகப் பகலிலேயே ஆள் தெரியாது. நான்கு வருஷம் அப்படியே ஓட்டினேன். இரண்டு முறை போலீஸ் நிறுத்தியது. ஒரு முறை "எடுத்துருங்க சார்" என்று சிரித்துக்கொண்டே அனுப்பினார்கள். இன்னொரு முறை அதுவும் சொல்லவில்லை. கண்முன்னே தெரிகிற என் சட்டமீறலைப் பார்த்து, இதை விட்டால் நாளைக்கு இவன் கொலை செய்வான் என்று ஒருவரும் கோட்பாடு பேசவில்லை. ஸ்டேஷன் வாசலில் அந்தக் காரை நிறுத்திவிட்டு உள்ளே போய்த்தான் பதினாலு வயசுப் பையனின் ஒழுங்கீனம் பற்றிப் புகார் கொடுத்தேன்.

உடைந்த ஜன்னல் கோட்பாட்டின் கோளாறு இங்கேதான் இருக்கிறது. எது 'சீர்கேடு' என்று பார்க்கிற கண்ணுக்கு முன்கூட்டியே ஒரு பட்டியல் இருக்கிறது. காலி மனையில் கூச்சல் சீர்கேடு. எங்கள் குடியிருப்புக் கழிவுநீர் லாரி ராத்திரியில் அதே காலி மனையின் ஓரத்தில் கொட்டிவிட்டுப் போவது நிர்வாகப் பிரச்சினை. சுவரில் சாய்ந்து நிற்கும் பையன் சந்தேகத்துக்குரியவன். நடைபாதையில் ஏறி நிற்கும் எங்கள் கார்கள் வெறும் பார்க்கிங்.

நியூயார்க்கில் இதைப் பெரிய அளவில் செய்து பார்த்தார்கள். 2011 என்ற ஒரே வருஷத்தில் அந்நகரப் போலீஸ் தெருவில் ஆட்களை நிறுத்திச் சோதித்தது 6,85,000 முறைக்கு மேல். நிறுத்தப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பினத்தவரும் லத்தீன் மக்களும். பத்தில் ஒன்பது பேர் அளவுக்கு எந்தக் குற்றமும் இல்லாமல் அனுப்பப்பட்டார்கள். 2013இல் அந்த நடைமுறை அரசியலமைப்புக்கு விரோதம் என்று நீதிமன்றம் சொன்னது. சோதனைகள் மளமளவென்று குறைந்தன. குற்றம் பெருகி நகரம் நாசமாகும் என்றார்கள். ஆகவில்லை.

நமக்கு இதையெல்லாம் அமெரிக்காக்காரன் சொல்லித்தரத் தேவையே இல்லை என்பதுதான் கசப்பு. 1871இல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911 திருத்தத்துக்குப் பிறகு சென்னை மாகாணத்துக்கு வந்தது. குற்றம் நடப்பதற்கு முன்பே, பிறந்த கூட்டத்தை வைத்துக் கைரேகை எடுத்த சட்டம். எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூர் மக்கள் 1920 ஏப்ரல் 3 அன்று சுடப்பட்டார்கள். 1947இல் அந்தச் சட்டம் இங்கே ஒழிந்தது. மறு வருஷமே 'வழக்கமான குற்றவாளிகள்' என்று பெயர் மாற்றி இன்னொரு சட்டம் வந்தது. வில்சனும் கெல்லிங்கும் கட்டுரை எழுதிய அதே 1982இல்தான் நம்முடைய குண்டர் சட்டமும் வந்தது. இனிமேல் செய்யக்கூடும் என்பதற்காக ஒருவரை ஓராண்டு வரை உள்ளே வைக்கலாம். பையனைப் பார்த்தவுடன் "ஸ்லம் பாய்ஸ் அகெய்ன்" என்று ஒரு நொடியில் டைப் அடிக்க முடிந்ததற்குப் பின்னால் நூறு வருஷப் பயிற்சி இருக்கிறது. கண்ணகி நகர் முகவரியைப் பார்த்ததும் வேலை இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்ட இளைஞர்களை உங்களில் சிலருக்கு நேரிலேயே தெரிந்திருக்கும். சிலர் அந்த இளைஞர்களாகவே இருப்பீர்கள்.

*

"சரி, உன் காரில் தானாக உடைந்தது. நிஜமாகவே ஒரு பையன் கல்லெறிந்து உடைத்திருந்தால்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பையன் நிரபராதி என்பதாலேயே என் வாதம் நிற்கிறது என்றால் அது சொத்தை வாதம்.

நிஜமாகவே உடைத்திருந்தால் அதன் மதிப்பு நாலாயிரத்து இருநூறு ரூபாய். நான் சின்ன வயதில் எங்கள் தெருவில் ஒரு வாத்தியார் வீட்டு ஜன்னலை உடைத்திருக்கிறேன். அவர் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னார். அப்பா என்னை இரண்டு சாத்து சாத்திவிட்டு, கண்ணாடி வாங்கிக் கொடுத்தார். மறுவாரம் அந்த வாத்தியார் எனக்கு டியூஷன் எடுத்தார். என் பெயர் எந்த ரெஜிஸ்டரிலும் ஏறவில்லை, ஏனென்றால் எங்கள் வீடு அவர் தெருவில் இருந்தது. தவறு செய்த ஒரு சிறுவனைப் போலீஸ் லாக்கப்பில் வைக்கக்கூடாது என்று 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் சொல்கிறது. பெஞ்சு லாக்கப் இல்லையே என்று சொல்வார்கள். உங்கள் மகனை நான்கு மணி நேரம் அந்தப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு அதைச் சொல்லுங்கள் பார்ப்போம்.

இன்னொன்றும் கேட்பார்கள்: "அப்போ ஒழுங்கே வேண்டாமா?" வேண்டும். அந்தக் கோட்பாட்டில் உருப்படியான பாதி ஒன்று இருக்கிறது. உடைந்த ஜன்னலைச் சரிசெய் என்பதுதான் அது. ஃபிலடெல்ஃபியாவில் குப்பை மண்டிக் கிடந்த 541 காலி மனைகளை எடுத்துக்கொண்டு ஒரு ஆய்வு செய்தார்கள், 2018இல் வெளியானது. சில மனைகளைச் சுத்தம் செய்து புல் போட்டார்கள், சிலவற்றை அப்படியே விட்டார்கள். ஏழைப் பகுதிகளில் சுத்தம் செய்த மனைகளைச் சுற்றித் துப்பாக்கி வன்முறை 29 சதவீதம் குறைந்தது. ஒருவரையும் நிறுத்திச் சோதிக்கவில்லை. புல் வெட்டினார்கள், அவ்வளவுதான்.

எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் தெருவிளக்கு எரிந்து பல மாதம் ஆகிறது. அதற்கு மனு எழுதலாம் என்று நான் குழுவில் சொன்னபோது, "அது நம் பிரிமைசஸ் இல்லையே" என்று பதில் வந்தது. பையன்களைப் பிடிக்கும்போது மட்டும் எங்கள் பிரிமைசஸ் அவர்கள் வீட்டுவாசல் வரை நீண்டிருந்தது.

*

புதுப்பேட்டையிலிருந்து திரும்பிய அன்று சாயங்காலமே ஸ்டேஷனுக்குப் போனேன். எழுத்தர் ரசீதைப் பார்த்துவிட்டு, "முடிஞ்சுபோன மேட்டர் சார் இது. எஃப்.ஐ.ஆர். எதுவும் போடலையே, ஏன் கிளறீங்க?" என்றார். தவறான புகார் என்று எழுதிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். அதற்கு ரசீது தரவில்லை.

குழுவில் போட்டேன். மூலையிலிருந்து கிளம்பிய கோடுகளைப் பெரிதாக எடுத்த படம், பாய் சொன்னது, ஃபிலிம், எல்லாவற்றையும். பையன் மேல் தவறில்லை என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதினேன். இரண்டு கட்டைவிரல்கள் வந்தன. ஒருவர் "குட் டு நோ" என்றார். இன்னொருவர் "இருந்தாலும் சுவர் உயரணும்" என்றார். அதற்கடுத்த மெசேஜ் தண்ணி லாரி பற்றியது. முதல் நாள் எவிடன்ஸ் படம் போட்டவர் இன்றுவரை ஒன்றும் சொல்லவில்லை. காலையில் லிஃப்டில் பார்த்தால் குட் மார்னிங் மட்டும் சொல்கிறார்.

பிறகு அந்த அம்மாவின் வீட்டுக்குப் போனேன். அந்தச் சுவரைத் தாண்டி நான் போனது அதுதான் முதல் தடவை. மூன்றாவது மாடி. ஒரு அறை. பையன் உள்ளே இருந்தான், வெளியே வரவில்லை. மூவாயிரத்தைக் கொடுத்தேன். மன்னிச்சுக்குங்கம்மா என்றேன். அவர் பணத்தை என் முன்னாலேயே இரண்டு முறை எண்ணினார். கோபப்படவில்லை. உட்காரச் சொல்லவும் இல்லை.

"இவன் ஒடைக்கலைன்னு எப்படித் தெரிஞ்சுது?" என்றார்.

கண்ணாடிக் கடைக்காரர் சொன்னார் என்றேன்.

"நானும் அதத்தானே சார் அன்னிக்கே சொன்னேன்."

சொல்லியிருந்தார். அந்த மூவாயிரத்தை நீட்டும்போதே, "அவன் செய்யலை சார், இருந்தாலும் வச்சுக்குங்க" என்றுதான் நீட்டினார். இதை எழுத உட்கார்ந்தபோதுகூட அதை மறந்துவிட்டு, அவர் கேஸ் வேண்டாம் என்று கெஞ்சியதை மட்டும் மேலே எழுதியிருக்கிறேன். போய்ப் பாருங்கள். திருத்தாமல் விட்டிருக்கிறேன்.

கிளம்பும்போது அவர் இன்னொன்று கேட்டார். ஸ்டேஷன்ல அவன் பேரு எழுதினாங்களே, அதை அடிச்சுட்டாங்களா? அடுத்த வருஷம் ஐ.டி.ஐ. சேக்கணும், எங்கயாச்சும் கேட்பாங்களா?

எழுதிக் கொடுத்திருக்கேன்மா என்றேன். அடித்தார்களா என்று எனக்குத் தெரியாது. அதற்கப்புறம் இரண்டு முறை போய்க் கேட்டுவிட்டேன், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுவும் போட்டிருக்கிறேன். கண்ணாடி மாற்ற ஒன்றரை மணி நேரம்தான் ஆனது.